விலங்கு வடிவ மாயப் பாத்திரம் உருவாக்க: ‘எவர்வே’ ஆடுவோருக்குப் பயனுள்ள குறிப்புகள்

1995-இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்ட ‘எவர்வே’ என்ற ரோல்பிளே விளையாட்டில் பகடையே கிடையாது. ஜோனதன் ட்வீட் வடிவமைத்தது. படச் சீட்டுகளைப் பார்த்துப் பாத்திரத்தைக் கற்பனை செய்கிறோம். கதை நடக்கும்போது ‘ஃபார்ச்சூன்’ என்ற இன்னொரு கட்டிலிருந்து சீட்டு எடுத்து, அதன் பொருளை வைத்து அடுத்து நடப்பதைத் தீர்மானிக்கிறோம். நாயகர்கள் வாசல்கள் வழியாக உலகம் விட்டு உலகம் போகிறவர்கள் என்பதால், இறக்கை முளைத்த பெண்ணும் செதில் போர்த்த கிழவரும் இந்தக் கதைக்குள் இயல்பாக வரலாம். வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆட அருமையான விளையாட்டு இது. ஆனால் விலங்குப் பாத்திரம் செய்கிற பலர் காதையும் வாலையும் வரைந்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த விலங்கின் உடம்பும் பழக்கமும் பாத்திரத்துக்குள் இறங்கினால்தான் ஆட்டம் ருசிக்கும். அதற்கான குறிப்புகள் இவை.

1. முதலில் படம், பிறகுதான் விலங்கு. அசல் பெட்டியில் ‘விஷன்’ சீட்டுகள் 90 உண்டு. மனதை இழுக்கும் சிலவற்றை எடுத்து மேசையில் பரப்புங்கள். “இது யார்? இதற்கு முன் என்ன நடந்தது? எதற்குப் பயப்படுகிறார்?” என்று ஒவ்வொரு படத்தையும் கேளுங்கள். படத்தில் விலங்கே இல்லாவிட்டாலும் சரி. இடிந்த கோபுரமும் நிலவும் இருக்கும் ஒரு படத்திலிருந்தே ஆந்தைப் பெண் பிறந்துவிடலாம். பெட்டி கிடைக்காதவர்கள் பழைய காலண்டர், வார இதழ் படங்களை வெட்டிச் சேர்த்துக்கொள்ளலாம்.

2. ஒரே ஒரு விலங்கு போதும். சிங்கத் தலை, கழுகு இறக்கை, பாம்பு வால் என்று பிள்ளைகள் அடுக்குவார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஆட உட்கார்ந்ததும் அது எப்படி நடக்கும், எதைத் தின்னும், எங்கே தூங்கும் என்ற கேள்விகளுக்கு ஒரே பதில் வராது. இரண்டு விலங்கு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ஒன்றை உடம்புக்கும் மற்றதைச் சுபாவத்துக்கும் கொடுங்கள்.

3. மாயம் கொடுப்பதற்கு முன் அந்த விலங்கைப் பற்றி அரை மணி நேரம் படியுங்கள். இந்தக் குறிப்புகளில் நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். ஆந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இறக்கைச் சிறகுகளின் முன்விளிம்பு சீப்புப் பல் மாதிரி பிரிந்திருக்கும். அது காற்றைச் சிதறடிப்பதால் பறக்கும் ஓசை அடங்கிவிடுகிறது. அதன் கண்கள் குழிக்குள் அசையாது. அதனால்தான் கழுத்தை ஒரு பக்கமாக 270 பாகை வரை திருப்புகிறது. கூகைக்கு ஒரு காது சற்று மேலேயும் மற்றது சற்றுக் கீழேயும் இருப்பதால், கும்மிருட்டிலும் ஓசையை வைத்தே எலி இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும். இந்த மூன்று செய்திகளிலிருந்து எவ்வளவு கிடைக்கிறது பாருங்கள்! ஆந்தைப் பெண்ணால் ஓரக்கண்ணால் பார்க்க முடியாது. யாரைப் பார்த்தாலும் முகத்தை முழுதாகத் திருப்பித்தான் பார்ப்பாள், எதிரில் இருப்பவர் நெளிவார். பக்கத்து அறையில் முணுமுணுப்பது அவளுக்குக் கேட்கும். பின்னால் வந்து நின்றால் யாருக்கும் தெரியாது. இதில் எதையும் நாம் புதிதாகக் கட்டவில்லை, பறவையே கொடுத்துவிட்டது.

பாம்புக்கு வெளிக்காது இல்லை. தரையின் அதிர்வைத் தாடை எலும்பு வழியாக உணர்கிறது. ஆகவே பாம்பு மனிதர் ரகசியம் கேட்க வேண்டுமானால் தரையில் முகம் வைத்துப் படுப்பார். யானைகள் நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் பல கிலோமீட்டர் தூரம் சேதி சொல்லிக்கொள்கின்றன. யானைக் குலத்துப் பாத்திரம் கூட்டத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தாலும் யாரோடோ பேசிக்கொண்டிருக்கலாம்.

4. நான்கு பூதங்களுக்கும் எண் கொடுக்கும்போது விலங்கின் உடம்பைப் பார்த்துக் கொடுங்கள். எவர்வேயில் தீ என்பது வேகமும் துணிவும். மண் என்பது உடல் உறுதியும் தாங்கும் சக்தியும். நீர் என்பது உள்ளுணர்வும் கூர்ந்த புலனும். காற்று என்பது அறிவும் பேச்சும். சாதாரண மனிதருக்கு ஒவ்வொன்றும் 3. ஓர் எண் கூடினால் திறமை இரட்டிப்பாகும் என்பது கணக்கு, ஆகவே 5 என்பதே 3-ஐப் போல நான்கு மடங்கு. பிள்ளைகள் எடுத்தவுடன் 9 போடப் பார்ப்பார்கள்; இந்தக் கணக்கைச் சொன்னால் தாங்களாகவே குறைத்துக்கொள்வார்கள்.

5. பூதங்கள், ஆற்றல்கள், மந்திரம் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கையில் இருப்பது 20 புள்ளி மட்டுமே. பென்சிலால் எழுதுங்கள்.

6. ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு தனித்திறன் எழுதிக்கொள்ளலாம். அந்த ஒரு வேலையில் மட்டும் எண் ஒன்று கூடும். விலங்கின் பிழைப்பை இங்கே கொண்டுவாருங்கள். நீர்நாய்க்குத் தீயில் ‘நீச்சல்’, அழுங்குக்கு மண்ணில் ‘வளை தோண்டுதல்’. ‘சண்டை’ என்று பொதுவாக எழுதினால் எல்லோருடைய தாளும் ஒன்றுபோல ஆகிவிடும்.

7. ஆற்றலின் விலையை மூன்று கேள்விகளால் முடிவு செய்யுங்கள். அடிக்கடி பயன்படுமா? விளைவு பெரியதா? பலவிதமாக உதவுமா? ஒவ்வொரு ‘ஆம்’ பதிலுக்கும் 1 புள்ளி. எந்நேரமும் பறக்கலாம் என்றால் மூன்றுக்கும் ‘ஆம்’ வரும், 3 புள்ளி போய்விடும். இரவில் மட்டும், தனியாக மட்டும், யாரையும் தூக்காமல் பறக்கலாம் என்று எழுதினால் ‘அடிக்கடி’ என்பது உதிர்ந்து 2 புள்ளியில் முடியும். புள்ளி மிச்சமாவதோடு கதையும் வளரும். விடிவதற்குள் கோட்டையைத் தாண்ட வேண்டும், தோழன் கீழே மாட்டிக்கொண்டிருக்கிறான் என்ற தவிப்பெல்லாம் இந்தக் கட்டுப்பாட்டிலிருந்துதான் வருகிறது. எந்த ஆற்றலுக்கும் ‘எப்போது முடியாது’ என்ற ஒரு வரியைச் சேர்க்காமல் தாளை மூடாதீர்கள்.

8. மிகச் சிறிய ஆற்றல் ஒன்று இலவசம். புள்ளி எதுவும் கொடுக்க வேண்டாம். இதை வீணாக்காதீர்கள். இருட்டில் மினுங்கும் கண், மனநிலைக்கேற்ப நிறம் மாறும் தோல், மழை வருமுன் சிலிர்க்கும் மயிர் என்று ஏதாவது ஒன்று. சண்டையில் உதவாது, ஆனால் மற்றவர்கள் உங்கள் பாத்திரத்தை இதை வைத்துத்தான் நினைவில் வைத்திருப்பார்கள்.

9. மந்திரம் தனியாக வாங்க வேண்டியதில்லை. விலங்கு வடிவமே மாயம்தான். மந்திரவாதியாகவும் இருக்க வேண்டுமென்றால், ஒரு பூதத்தை அடிப்படையாக வைத்து நீங்களே ஒரு மந்திர முறையைக் கட்டி, எந்த எண்ணில் எதைச் செய்ய முடியும் என்று பட்டியல் போட வேண்டும். அந்த முறையை விலங்கின் வாழ்க்கையிலிருந்தே எடுங்கள். சிலந்திப் பெண்ணின் மந்திரம் நூலிலும் முடிச்சிலும் இருக்கட்டும், நெருப்புப் பந்து வீச வேண்டாம்.

10. மாதிரிக்கு ஒரு கணக்கு. ஆந்தைப் பெண்: நீர் 6, காற்று 4, தீ 4, மண் 2. பறவைகளின் எலும்பில் பல உள்ளே கூடாக, லேசாக இருப்பவை என்பதால் மண்ணைக் குறைத்தேன். ஓர் அடி விழுந்தால் சாய்ந்துவிடுவாள். மொத்தம் 16. ஓசையில்லா இரவுப் பறத்தலுக்கு 2, இருட்டில் காணவும் கேட்கவும் 2, ஆக 20. கழுத்து முதுகுப் பக்கம் திரும்புவது இலவசம்.

11. குணம், குறை, விதி மூன்றுக்கும் ஃபார்ச்சூன் கட்டிலிருந்து தலா ஒரு சீட்டு உண்டு. இந்தக் கட்டில் இருப்பவை 36. சிங்கம், கழுகு, மீன், டிராகன், ஃபீனிக்ஸ் எல்லாம் அதில் இருக்கும். கழுகுப் பாத்திரத்துக்குக் கழுகுச் சீட்டைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும், வேண்டாம். சீட்டின் பொருளைப் பாருங்கள். ‘கவசத்தோடு மூழ்குதல்’ என்றொரு சீட்டு இருக்கிறது. காக்க வேண்டியதே ஆபத்தாகிவிடுவதைச் சொல்வது. அழுங்கு மனிதனுக்கு இதைவிடப் பொருத்தமான குறை கிடைக்காது. அழுங்குக்குப் பல் இல்லை. நம் நகத்தில் இருக்கும் கெரட்டின்தான் அதன் செதிலிலும் இருக்கிறது. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சிங்கத்தாலும் எளிதில் பிரிக்க முடியாது. ஆனால் வேட்டைக்காரனுக்கு அது சுருண்டால் வசதி. குனிந்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். உலகத்தில் மிக அதிகமாகக் கடத்தப்படும் பாலூட்டிகளில் ஒன்றாக அது ஆனதற்கு இதுவும் ஒரு காரணம். ஆபத்து வந்தால் தன்னை மூடிக்கொள்கிற, அதனாலேயே பிடிபடுகிற ஒரு மனிதனை இந்தச் சீட்டை வைத்து எழுதிப் பாருங்கள்.

12. ஊருக்கு ஊர் வரவேற்பு வேறு என்பதைத் தாளில் எழுதி வையுங்கள். ஆதென்ஸில் ஆந்தை அதீனாவின் பறவை, நாணயத்திலேயே பொறித்தார்கள். நம் பக்கத்தில் ஆந்தை அலறினால் முகம் சுளிப்பவர்கள் இன்றும் உண்டு. உங்கள் நாயகி ஒரு வாசலைத் தாண்டினால் கும்பிடுவார்கள், அடுத்த வாசலில் கல்லெறிவார்கள். இதைக் கதை நடத்துபவரிடம் முன்கூட்டியே சொன்னால் அவருக்கு அரை வேலை மிச்சம்.

13. உடல்மொழி இரண்டு போதும். தலையைச் சாய்ப்பது, சாப்பிடுமுன் மோந்து பார்ப்பது போல. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மியாவ் போட்டால் மற்றவர்கள் களைத்துவிடுவார்கள்.

14. எதற்கெடுத்தாலும் சீட்டு எடுக்காதீர்கள். எவர்வே மூன்று வழி சொல்கிறது. எண்களை ஒப்பிட்டாலே விடை தெரிந்தால் அது ‘கர்மா’, கதைக்கு எது தேவையோ அது ‘டிராமா’, சீட்டு சொல்வது ‘ஃபார்ச்சூன்’. நீர் 6 உள்ள ஆந்தைப் பெண்ணுக்கு எலி ஓடும் சத்தம் கேட்குமா என்று சீட்டிடம் கேட்பது தேவையற்றது. அவள் பகலில் பறக்கத் துணிந்தால், அப்போது எடுங்கள்.

15. கட்டை வீட்டிலேயே செய்பவர்களுக்கு: கல்யாணப் பத்திரிகை அட்டை நல்ல கனம், 36 துண்டு வெட்டப் பழைய பத்திரிகைகளே போதும். பின்பக்கம் எல்லாவற்றிலும் ஒரே தாளை ஒட்டுங்கள், இல்லாவிட்டால் எந்தச் சீட்டு என்று தெரிந்துவிடும். இந்த விளையாட்டில் சீட்டு நேராக வந்தால் ஒரு பொருள், தலைகீழாக வந்தால் வேறு பொருள். அதனால் முன்பக்கம் மேல்முனையில் ஒரு குறி வையுங்கள். பின்பக்கத் தாளில் மேல் கீழ் தெரியும் படம் எதுவும் இருக்கக் கூடாது. கலைக்கும்போது பாதிக் கட்டைத் திருப்பி வைத்துக் கலையுங்கள், இல்லையென்றால் எல்லாம் நேராகவே வந்துகொண்டிருக்கும். பிளாஸ்டிக் உறை போட்டால் மழைக்காலத்தில் அட்டை வளையாது. முறுக்கும் மிக்சரும் வேறு மேசையில் இருக்கட்டும்.