பணத்தைக் கையாளும் மென்பொருள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

காரக்கோணம், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் கணினி படித்து முடிக்கும் இளைஞர்களுக்கு வேலை தேடும் முதல் ஊர் திருவனந்தபுரம். அடுத்தது சென்னை, பெங்களூரு. திருவனந்தபுரத்தில் ஸாஃபின் போன்ற நிறுவனங்கள் வங்கிகளுக்கு மென்பொருள் செய்கின்றன. சென்னையில் 1991 முதல் எஃப்எஸ்எஸ் இருக்கிறது. எம்2பி பின்னால் வந்தது. இந்த ஃபின்டெக் வேலையைப் பற்றி மென்பொருள்காரர்களிடம் ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது: சம்பளம் நன்றாக வரும், ஆனால் ரிசர்வ் வங்கி விதி, ஆடிட், ஒப்புதல் என்று கையைக் கட்டிப்போட்டுவிடுவார்கள், உருப்படியான பொறியியல் வேலை அங்கே கிடையாது என்று. சம்பளத்தைப் பற்றி எனக்கு வழக்கில்லை. மற்றது தவறு. இந்தத் துறையின் கடினமான, கற்றுக்கொள்ளத்தக்க பொறியியல் அந்த விதிகளுக்குள்தான் இருக்கிறது.

களியக்காவிளைச் சந்தையில் ஒருவர் கியூஆர் குறியை ஸ்கேன் செய்து 200 ரூபாய் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டளை அவருடைய செயலி, அவருடைய வங்கி, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ, பணம் பெறுபவரின் வங்கி என்று பல கைகள் மாறுகிறது. நடுவில் எங்காவது பதில் வராமல் போனால் பணம் போனதா, போகவில்லையா என்று யாருக்கும் தெரியாது. பதில் வரவில்லையே என்று மறுபடி அனுப்பினால் இரண்டு முறை பிடித்துவிடலாம். சும்மா இருந்தால் ஒருவர் கணக்கில் கழிந்து மற்றவர் கணக்கில் ஏறாமலே கிடக்கலாம். இந்தத் 'தெரியாத' நிலையைச் சரியாகக் கையாள்வதுதான் வேலையின் பெரும்பகுதி. ஒவ்வொரு கட்டளைக்கும் மாறாத ஓர் அடையாள எண், அதே எண் எத்தனை முறை வந்தாலும் ஒரே முறை பணம் பிடிக்கும் ஏற்பாடு, பற்றும் வரவும் எப்போதும் சமமாக நிற்கும் லெட்ஜர், தினமும் வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ரெக்கன்சிலியேஷன் எல்லாம் வேண்டும். தொகையைக் கணினியின் வழக்கமான தசம (float) எண்ணாக வைப்பதுகூட ஆபத்து. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் பல கணினி மொழிகள் 0.30000000000000004 என்று சொல்லும். அதனால் கவனமுள்ளவர்கள் ரூபாயைப் பைசாவாக, முழு எண்ணாக எழுதிவைக்கிறார்கள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையை இந்த இடத்தில் வைத்துப் படிக்க வேண்டும். யுபிஐயில் ஆளுக்கு ஆள் அனுப்பிய பணம் போய்ச் சேரவில்லை என்றால் மறுநாளுக்குள், கடைக்குச் செலுத்தியது உறுதியாகவில்லை என்றால் ஐந்து நாளுக்குள், தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் புகார் செய்யும் வரை காத்திருக்கும் மென்பொருளால் இதை நிறைவேற்ற முடியாது. எந்தப் பரிமாற்றம் எந்த நிலையில் நிற்கிறது என்பதை அது எந்நேரமும் அறிந்திருக்க வேண்டும். அதை எழுதுவது எளிய வேலையா?

விதிகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு இந்த மண்ணிலேயே சாட்சி உண்டு. நெய்யாற்றின்கரை திருவிதாங்கூரின் தாலுகாவாக இருந்தபோதுதான், 1938-இல், திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி வீழ்ந்தது. தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளில் அது ஒன்று. 1960-இல் கேரளத்தின் பாலா சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. அந்த அதிர்ச்சியின் விளைவாக 1962-இல் நாட்டில் வைப்புக் காப்பீடு வந்தது. அன்று ஒரு வைப்பாளருக்கு 1,500 ரூபாய் வரை. 2020 முதல் 5 லட்சம். வங்கி அல்லாத நிறுவனத்தின் வாலட்டில் கிடக்கும் பணத்துக்கு இந்தக் காப்பீடு இல்லை. அதற்குப் பதிலாகத்தான் அந்தப் பணத்தை வங்கியில் எஸ்க்ரோ கணக்கில் தனியாக வைக்கச் சொல்கிறது விதி. எஸ்க்ரோ இருப்பும் வாலட் இருப்பும் பைசா பிசகாமல் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கும் நிரலை எழுதுபவர், வங்கி மூழ்கியபோது சேமிப்பை இழந்த குடும்பங்களுக்கு அன்று இல்லாத பாதுகாப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் ஒரு சின்ன மாற்றத்தை வெளியிடவே இத்தனை ஒப்புதல் ஏன் என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதிலாக ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் நிறுவனத்தில் எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏறவில்லை. அதில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு பங்குகளை வாங்கி விற்றது. முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நட்டம். எட்டாவது சர்வரை இன்னொருவர் பார்த்திருந்தால் போதும். அதற்காக எல்லா ஒப்புதலும் பயனுள்ளது என்று நான் சொல்லவில்லை. ஆடிட்டருக்குக் காட்டுவதற்காக மட்டும் நிரப்பப்படும் படிவங்கள் ஏராளம். அவற்றை எதிர்ப்பவர்கள் பக்கமே நான். பாதுகாப்பு தருவது, பின்னால் யாரும் மாற்ற முடியாத பதிவு. பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் ஹொரைசன் மென்பொருள் கதை இதை வேதனையோடு காட்டுகிறது. கணக்கில் குறைவதாக அது சொன்னதை நம்பி, 1999-க்குப் பின் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கிளை அஞ்சலகம் நடத்தியவர்கள் திருட்டு, மோசடி வழக்குகளில் தண்டிக்கப்பட்டார்கள், 900-க்கும் மேற்பட்டவர்கள். அதைச் செய்த ஃபுஜிட்சுவுக்குள் பிழைகள் இருப்பது தெரிந்தே இருந்தது. கிளைக் கணக்குகளைத் தொலைவிலிருந்து திருத்தவும் முடிந்தது. தெரிந்தவர்கள் உரக்கப் பேசியிருந்தால் எத்தனை பேர் சிறையிலிருந்து தப்பியிருப்பார்கள்!

ரிசர்வ் வங்கியின் ஒரே உத்தரவில் நிறுவனமே முடங்கலாம் என்ற அச்சம் உண்மையானது. 2024 ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி மீது ரிசர்வ் வங்கி எடுத்த நடவடிக்கையை யாரும் மறக்கவில்லை. விதிகளைத் தொடர்ந்து பின்பற்றாததே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். விதியைத் தலைவலியாக நினைக்கும் இடத்தில்தான் வேலைக்கும் ஆபத்து அதிகம் என்று நான் இதைப் படிக்கிறேன். இதனோடு சேர்ந்த இன்னொரு தப்பெண்ணம், பரிமாற்றம் கூடினால் வருமானமும் கூடும் என்பது. 2020 ஜனவரி முதல் வங்கிக் கணக்கிலிருந்து கடைகளுக்குச் செல்லும் யுபிஐ பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்க முடியாது. ஆகவே பல நிறுவனங்கள் கடன் கொடுக்கும் தொழிலை நாடுகின்றன. கடன் செயலிகள் தொலைபேசியில் உள்ள தொடர்பு எண்களை அள்ளிக்கொண்டு, தவணை தவறியவரின் உறவினர்களை மிரட்டிய கொடுமை நடந்தது. தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவையும் தொடக் கூடாது என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்தது. அந்த அனுமதியைக் கேட்கும் வரியை எழுதியதும் ஒரு டெவலப்பர்தான் என்பதை மறக்க முடியாது.

நிதி படிக்காதவர்களுக்கு இங்கே இடமில்லை என்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பற்று வரவு சில வாரங்களில் பிடிபடும். மென்பொருள் திறமையே இங்கே முதன்மை என்பதற்கு இலங்கை ஓர் உதாரணம். அங்கே 1996-இல் தொடங்கிய மில்லெனியம் ஐடி என்ற மென்பொருள் நிறுவனத்தை 2009-இல் லண்டன் பங்குச்சந்தை விலைக்கு வாங்கியது. அங்குள்ள பொறியாளர்களின் மென்பொருளில்தான் அந்தச் சந்தை பின்னர் வணிகம் நடத்தியது. நேர்காணலுக்குப் போகிறவர்கள் கேட்டு அறிய வேண்டியவை வேறு: பாதியில் நின்ற பரிமாற்றத்தை இங்கே யார், எப்போது பார்க்கிறார்கள்? வாடிக்கையாளர் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது? நிறுவனத்துக்கு வருமானம் எதிலிருந்து? நள்ளிரவு ஆன்-கால் வேலைக்கு எத்தனை பேர் முறை மாற்றி இருக்கிறார்கள்? பிழை இருக்கிறது, இந்த ரிலீஸ் வேண்டாம் என்று புதிதாகச் சேர்ந்தவர் சொன்னால் நிறுத்துவார்களா?