கொட்டாங்கச்சியும் பாடம் சொல்லும்



"பையன் எந்நேரமும் விளையாடிக்கிட்டே இருக்கானே, இவன் எங்கே படிக்கப் போறான்?" என்று கவலைப்படுகிறீர்களா? கவலை வேண்டாம். மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கு மேல் ஆறு வயதுக்குள்ளேயே நடந்துவிடுகிறது என்று 2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. அந்த வளர்ச்சிக்குச் சத்துணவு எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் விளையாட்டு.

"பொம்மை வாங்கக் காசுக்கு எங்கே போவது?" என்பீர்கள். காசே வேண்டாம். மகாராஷ்டிரத்தில் போர்டி கிராமத்தில் 1945-இல் தாராபாய் மோடக் அம்மையார், அனுதாய் வாக் அவர்களின் துணையோடு ஏழைக் குழந்தைகளுக்குக் கல்வி தொடங்கினார். அக்கம்பக்கத்தில் கிடைத்த பொருள்களே அங்கே விளையாட்டுச் சாமான்கள். உங்கள் வீட்டிலும் அவை இருக்கின்றன.

என்ன செய்யலாம்?

1. கொட்டாங்கச்சி: ஓரத்தைத் தேய்த்து மழமழப்பாக்குங்கள். பெரிசு, சிறிசு என்று வரிசையாக அடுக்கட்டும். ஒரு சொம்பு நிறைய எத்தனை கொட்டாங்கச்சி மணல் வேண்டும் என்று அளந்து பார்க்கட்டும். கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

2. காலித் தீப்பெட்டி: ரயில் விடலாம், கோபுரம் கட்டலாம், எண்ணலாம். கோபுரம் சரிந்தால் ஏன் சரிந்தது என்று குழந்தையே யோசிக்கும்.

3. கிழிந்த சேலை: பந்து சுற்றுங்கள், பொம்மை தையுங்கள். பொம்மைக்குச் சோறு ஊட்டித் தாலாட்டும்போது பேச்சு வளரும்.

4. நுங்கு வண்டி: தின்று முடித்த நுங்குக் காய் இரண்டு, ஒரு குச்சி, ஒரு கவைக்கம்பு போதும். இது அப்பாவின் வேலை. ஓட்டி ஓட்டிக் கை, கால் உறுதிப்படும்.

பொருளைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். "எது பெரிசு, கண்ணு?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுங்கள். தப்பாகச் சொன்னால் அதட்டாதீர்கள். வண்டி பையனுக்கு, பொம்மை பெண்ணுக்கு என்று பிரிக்கவும் வேண்டாம்.

எச்சரிக்கை!

• புளியங்கொட்டை, மணி, பொத்தான், சிறு மூடி ஆகியவை மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கையில் கூடாது. பெரிய பிள்ளைகளும் பெரியவர் கண் முன்னால்தான் விளையாட வேண்டும்.

• விழுங்கியது தொண்டையில் அடைத்துக் குழந்தையால் இருமவோ அழவோ முடியவில்லையா? ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை என்றால் முன்பக்கமாகக் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். வாய்க்குள் கண்மூடித்தனமாக விரலை விட்டுத் துழாவாதீர்கள். உடனே 108-க்குச் சொல்லுங்கள்.

• மூக்கிலோ காதிலோ விதை போய்விட்டால் ஊக்கு, குச்சி விட்டுக் குடையாதீர்கள். தண்ணீரும் ஊற்றாதீர்கள், விதை ஊறிப் பெருத்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கி வாருங்கள்.

• பூச்சிமருந்து டப்பா, பழைய பேட்டரி, உடைந்த கண்ணாடி, துருப்பிடித்த தகரம் இவற்றைத் தொடவே விடாதீர்கள். மருந்து டப்பாவைக் கழுவினாலும் விஷம் போகாது.

• விளையாடி முடிந்ததும் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வையுங்கள். தேங்கிய தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிடும். குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தம்பதிகளே, ஒரு வார்த்தை!

இதற்கெல்லாம் நேரம் வேண்டும், உடம்பில் தெம்பும் வேண்டும். இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்றிருந்தால் அம்மாவால் முடியுமா? இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே மூன்று வருஷமாவது இடைவெளி விடுங்கள். காப்பர்-டி, ஆணுறை, மாத்திரை ஆகியவை அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். எது பொருந்தும் என்று கணவன், மனைவி இருவரும் சேர்ந்து வந்து கேளுங்கள்.

குழந்தைக்கு இரண்டு வயது முடிந்து மூன்று நடக்கும்போதே அங்கன்வாடியில் விசாரித்து வையுங்கள். மூன்று முடிந்ததும் தினமும் அனுப்புங்கள். சாயங்காலம் அரைமணி நேரம் நீங்களும் திண்ணையில் உட்கார்ந்து கூட விளையாடுங்கள். குப்பைக்குப் போகிற கொட்டாங்கச்சி, பிள்ளைக்குப் புத்தி கொடுக்கட்டும்!