நம்பிக்கைகளும் உண்மைகளும்: சென்சார் காப்பது எதை?

வேப் எனும் மின்சிகரெட் பற்றிப் புழங்கும் நம்பிக்கைகளில் படித்தவர்களிடமே எளிதாகச் செல்லுபடியாவது ஒன்று உண்டு. ‘பழைய மாடல்தான் ஆபத்து. இப்போது வருவதில் சென்சார் இருக்கிறது. சூட்டை அதுவே பார்த்துக்கொள்ளும், கருக விடாது’ என்பார்கள். கோவை ஆர்.எஸ்.புரத்தில் இந்தப் பேச்சு எடுபடக் காரணமும் இருக்கிறது. பம்பு, மோட்டார், வார்ப்படம், நூற்பாலை என்று வளர்ந்த கோவைக்கு வெப்பக் கட்டுப்பாடு புதிதல்ல. கன்ட்ரோலர் ஒழுங்காக இருந்தால் வேலை ஒழுங்காக நடக்கும் என்பது இந்த ஊர் கைப்பழக்கத்தில் கற்றது. நம்பிக்கை முழுப் பொய்யாக இருந்தால் தள்ளிவிடுவது சுலபம். இதில் கொஞ்சம் உண்மையும் கலந்திருக்கிறது.

முதலில், சென்சார் என்று சொல்லப்படுவது எது? பொத்தான் இல்லாமல், இழுத்தாலே வேலை செய்யும் ரகங்களில் இருப்பது வெப்பத்தை அளக்கும் சென்சாரே அல்ல. பழைய போனின் மைக் வில்லை அளவுள்ள ஓர் உலோகக் குப்பி, அதற்குள் மெல்லிய படலம், ஒட்டினாற்போல ஒரு தகடு, ஒரு சிப், அவ்வளவுதான். வாயால் இழுக்கும்போது ஒரு பக்கம் காற்றழுத்தம் குறைந்து படலம் வளைகிறது. அதைக் கவனித்த சிப், திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருளான காயிலுக்குப் பேட்டரியிலிருந்து மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. இழுப்பு நின்றால் மூடுகிறது, விடாமல் இழுத்தால் பத்து விநாடி வாக்கில் தானே துண்டிக்கிறது. நுனியில் மினுக்கும் விளக்கும் பெரும்பாலும் அதே சிப்பின் வேலைதான். காயில் 200 டிகிரியில் இருக்கிறதா, 400 டிகிரியில் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஆவி குளிர்ந்து மீண்டும் திரவமாகி அந்தப் படலத்தில் படிந்துவிட்டால், யாரும் இழுக்காமலே சட்டைப் பைக்குள் காயில் சூடேறத் தொடங்குவதும் உண்டு. தானாக இயங்குவது இங்கே ஒரு வசதி. அதைப் பாதுகாப்பாக வாசிப்பது நாமே சேர்த்துக்கொண்ட அர்த்தம்.

உண்மையிலேயே சூட்டைக் கணக்கிடும் ரகங்களும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றிலும் தனி வெப்பமானி கிடையாது, காயிலேதான் சென்சார். உலோகம் சூடேறினால் அதன் மின்தடை கூடும். கூடிய அளவைப் பார்த்து சிப் வெப்பத்தை ஊகிக்கிறது. நிக்கல் கம்பியில் டிகிரிக்கு ஏறத்தாழ 0.6 சதவீதம் கூடும். பரவலாகப் புழங்கும் ‘காந்தல்’ ரகக் கம்பியில் மாற்றம் மிகமிகக் குறைவு, அதை வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது. நிக்கலையே எடுத்துக்கொள்வோம். 20 டிகிரியில் 0.1 ஓம் உள்ள காயில் 220 டிகிரியில் 0.22 ஓம் ஆகும். ஆகவே தொடக்க அளவின் 2.2 மடங்கு வந்ததும் நிறுத்த வேண்டும் என்பது சிப்புக்கு இட்ட கட்டளை. காயில் ஆறாமல் 70 டிகிரியில் இருக்கும்போதே, 20 டிகிரி என்று நினைத்துத் தொடக்க அளவைப் பதிந்துவிட்டால் என்ன ஆகும்? அப்போதைய தடை 0.13 ஓம், அதன் 2.2 மடங்கு 0.286. அந்தத் தடைக்குரிய சூடு 330 டிகிரி. தொடக்கத்தில் 50 டிகிரி பிசகினால் முடிவில் 110 டிகிரி பிசகுகிறது, திரையோ 220 என்றே காட்டும். அதிலும் அளக்கப்படுவது கம்பி முழுவதன் சராசரி. காயிலுக்குத் திரவத்தை உறிஞ்சித் தரும் பஞ்சுத் திரி ஒரு முனையில் காய்ந்து அங்கே மட்டும் சூடு எகிறினால் அது சராசரிக்குள் மறைந்துவிடும்.

சரி, எந்தப் பிசகும் இல்லாத கருவி என்றே வைத்துக்கொள்வோம். பயன் உண்டா என்றால், உண்டு. திரவத்தின் அடிப்படையான புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் அளவு மீறிச் சூடானால் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்றவை உண்டாகும். 2015-இல் போர்ட்லாண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதிய கடிதத்தின்படி, 3.3 வோல்ட்டில் தென்படாத ஃபார்மால்டிஹைடு சேர்மங்கள் 5 வோல்ட்டில் தென்பட்டன. அந்த அளவில் வரும் கருகல் நெடியை எந்த மனிதனும் இழுக்க மாட்டான் என்று கிரேக்க ஆய்வாளர் ஃபர்சலினோஸ் மறுத்தார். மறுப்பில் நியாயம் இருந்தது. ஆனால் சூடு குறைந்தால் சிதைவும் குறையும் என்பதில் இரு தரப்புக்கும் பேதமில்லை. சென்சார் வாதம் ஜெயிக்கும் இடம் இது. அதற்கு அப்பால் அந்த வாதம் நகராது. நிகோடின் சிதைவில் உண்டாவதல்ல, திரவத்தில் கலந்தே வருவது. சூடு சீராக இருந்தால் அது நுரையீரலுக்குச் சீராகப் போய்ச் சேரும், இழுப்பை நிறுத்தச் சொல்லும் கருகல் நெடியும் இருக்காது. உலோகமும் திரவத்தின் சிதைவில் உண்டாவதல்ல. 2018-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 56 பேர் பயன்படுத்திவந்த கருவிகளைச் சோதித்தபோது, பாட்டிலில் இருந்த திரவத்தைவிடக் காயிலைத் தொட்டு வந்த ஆவியில் ஈயம் 25 மடங்குக்கும் மேல் இருந்தது. நிக்கலும் குரோமியமும்கூட ஆவியில் கூடியிருந்தன. பக்கத்து ஊர் உதாரணம் ஒன்று: திருப்பூர்ச் சாயப்பட்டறையில் வெப்பம் பிசகாமல் இருந்தால் ஷேடு சரியாக வரும், நொய்யல் ஆற்றுக்குப் போகும் தண்ணீர் சுத்தமாகிவிடாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது கழிவுநீருக்காக, வெப்பமானிக் கோளாறுக்காக அல்லவே.

‘எப்படியும் சிகரெட்டைவிட மேல்தானே? இங்கிலாந்து அரசே சொல்லியிருக்கிறதே’ என்ற கேள்வி வரும். 2015-இல் பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து, வேப் புகைப்பதைவிடச் சுமார் 95 சதவீதம் தீங்கு குறைந்தது என்றது உண்மை. அந்த எண் நிபுணர் குழுவொன்றின் மதிப்பீடு, ஆய்வகத்தில் அளந்தது அல்ல என்ற விமர்சனமும் அப்போதே எழுந்தது. எரிப்பதால் வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வேப்பில் இல்லாததால், சிகரெட்டை அறவே விட்டு இதற்கு மாறுகிறவருக்கு லாபம் இருக்கலாம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சிகரெட்டைத் தொட்டே இராத கல்லூரி மாணவரை எதோடு ஒப்பிடுவது? அவர் ஒப்பிட வேண்டியது சுத்தமான காற்றோடு. அதே இங்கிலாந்தில் திரவத்தில் நிகோடின் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒருமுறை பயன்படுத்தி வீசியெறியும் வேப்களை 2025 ஜூன் 1 முதல் அங்கே தடையும் செய்துவிட்டார்கள். அந்த ஊர் நற்சான்றிதழை இங்கே காட்டுகிறவர்கள் இந்தப் பகுதியை மட்டும் வாசிப்பதில்லை.

இங்கே நிலைமையே வேறு. 2019 மே மாதத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முழுத் தடையைப் பரிந்துரைத்தது. செப்டம்பரில் அவசரச் சட்டமும் டிசம்பரில் நிரந்தரச் சட்டமும் வந்தன. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றுக்கும் தடை. முதல் குற்றத்துக்கு ஓராண்டுவரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்திருப்பதற்குத் தனித் தண்டனை. புகையிலையை எரிக்காமல் சூடாக்கும் கருவிகளும் இதில் அடக்கம், ஆகவே ‘இது வேப் இல்லை, ஹீட்டர்’ என்று ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் யார் விற்றாலும் குற்றமே. ‘பெட்டிக்கடையில் சிகரெட் கிடைக்கும்போது இதற்கு மட்டும் ஏன் தடை? அனுமதித்து ஒழுங்குபடுத்தலாமே’ என்பது நியாயமான கேள்வி, சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் விவாதிக்க வேண்டியது. ஆனால் இன்று இங்கே வாங்குகிறவர் கையில் இருப்பது கள்ளச் சரக்கு. பெட்டியில் ‘டெம்பரேச்சர் கன்ட்ரோல்’ என்று அச்சடித்திருப்பதற்குச் சோதனைச் சான்று எதுவும் இல்லை. கேள்வி எவ்வளவு நியாயமானாலும் அந்தப் பெட்டிக்கு அது உத்தரவாதம் ஆகாது.

சென்சார் இழுப்பைக் கவனிக்கும், சூட்டைக் கவனிக்கும், திரவத்தை விசாரிக்காது. 2019-இல் அமெரிக்காவில் பரவி, 2020 பிப்ரவரிக்குள் 68 பேரைப் பலிகொண்ட வேப் நுரையீரல் நோய்க்கு முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது, கஞ்சாச் சத்துத் திரவத்தில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட். சிங்கப்பூரில் மயக்க மருந்தான எட்டோமிடேட் கலந்த ‘கே-பாட்’ பரவியது. அங்கே வேப் ஏற்கெனவே தடைசெய்யப்பட்டதுதான். 2025 செப்டம்பர் 1 முதல் எட்டோமிடேட்டையும் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கோவையின் பீளமேடு விமான நிலையத்திலிருந்து நேரே சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறவர்கள், கைப்பையில் இருப்பது வெறும் மாம்பழ வாசனைத் திரவம்தான் என்று அங்கே விளக்கிக்கொண்டிருக்க முடியாது. எந்தத் திரவமானாலும் வேப் வைத்திருப்பதே அங்கே குற்றம்.