மோட்டார் சைக்கிளுக்கென ஒரு தனிப்பாதை

மலேசியச் சாலை விபத்துகளில் மாண்டுபோவோருள் பத்தில் ஆறு பேருக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே ஆவர். தோட்டத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்குப் புறப்படும் அண்ணன்மாரும், பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடும் தந்தையரும் நம்பியிருக்கும் வண்டி அதுவே.

விபத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டால் வேகம் என்போம். அது பாதி விடைதான். மற்றப் பாதி, வேகங்களுக்கு இடையேயுள்ள வேற்றுமை. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லோரி ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கிறது. 54 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மோட்டார் சைக்கிளோ 15 மீட்டரே கடக்கிறது. இரண்டும் ஒரே தடத்தில் சென்றால், இடையிலுள்ள 50 மீட்டர் எத்தனை நொடியில் மறையும்? கணக்கிட்டுப் பாருங்கள். ஐந்தே நொடி! லோரி ஓட்டுநர் ஒருமுறை பக்கக் கண்ணாடியை நோக்கித் திரும்புவதற்குள் அதில் ஒரு பங்கு கழிந்துவிடும்.

இவ்விரண்டையும் பிரித்துவிட்டால் என்ன? கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970ஆம் ஆண்டுகளில் அவ்வாறே செய்தனர். சாலையோரத்தில் மோட்டார் சைக்கிளுக்கென்றே ஒரு தனிப்பாதை அமைக்கப்பட்டது. 1993இல் அது ஷா ஆலாம் பகுதியில் நீட்டிக்கப்பட்டது. பெரிய சந்திப்புகளில் அப்பாதை சுரங்கவழியாகக் கீழே நுழைந்து செல்கிறது. ஆகவே வளைந்து திரும்பும் வண்டிகளின் குறுக்கே செல்ல வேண்டியதில்லை. இதனை ஆராய்ந்த ராடின் உமார் குழுவினர், தனிப்பாதையால் மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்தன எனக் கண்டனர்.

எனினும் பாதை அமைத்த அளவில் வேலை முடிந்துவிடுவதில்லை. மழை பிடித்துக்கொண்டால் பலரும் பாலத்தின் அடியில் வண்டியை நிறுத்தி ஒதுங்குகின்றனர். பின்னால் வருபவர் வெளிச்சத்திலிருந்து இருளுக்குள் நுழைகையில் முன்னே நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒதுங்குவோரைக் குறை சொல்வது எளிது. நம் நாட்டு மழையை அறிந்தவர்கள் ஒதுங்குவதற்கும் ஓரிடம் அமைத்துத் தருவதே முறை. நடைபாதை இல்லாத இடங்களில் கால்நடையாகச் செல்வோர் வேறு வழியின்றி இப்பாதையில் இறங்கினால், லோரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இருந்த அதே இடர்ப்பாடு மோட்டார் சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் இடையே வந்து சேரும். ஒருவருக்குப் பாதை வகுக்கும்போது மற்றவர் எங்கே நடப்பார் என்பதையும் எண்ணியாக வேண்டும்.

நம் தோட்டச் சாலைக்கும் இது வருமா என நீங்கள் கேட்கலாம். நாளொன்றுக்கு 15,000 வண்டிகளுக்கு மேல் ஓடும் சாலைகளிலேயே இதன் பயன் மிகுதி என்று அவ்வாராய்ச்சியே கூறுகிறது. சிறிய சாலைகளுக்கு வெள்ளைக்கோட்டுக்கு வெளியே தார் போட்ட அகலமான ஓரம் போதும்; செலவும் குறைவு. ஆனால் அதில் மணலும் செம்மண்ணும் சேர்ந்துவிட்டால் சக்கரம் சறுக்கும். சறுக்கலுக்கு அஞ்சுகிறவர் மறுபடியும் லோரி செல்லும் தடத்துக்கே வந்துவிடுவார்.