நீர் சிந்தாமையும் ஒரு நோன்பே

நீரை வடிகட்டிப் பருகும் வழக்கம் நம் இல்லங்களில் இன்றும் நிலைபெற்றுள்ளது. அது மகிழ்தற்குரியது. ஆயினும், குழாயின் வாயில் வெண்துணி கட்டியிருக்க, அக்குழாயே இரவெல்லாம் சொட்டிக்கொண்டிருப்பதையும் சில வீடுகளில் காண்கிறோம். வடிகட்டுதலின் பொருளை உணர்ந்தோர் இல்லத்தில் இவ்விரண்டும் சேர்ந்திருத்தல் இயலாது. ஏன் என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

நீரில் வாழும் உயிரும் நீரே ஆகிய உயிரும்

நீரைப் பற்றி நம் ஆகமம் இரு செய்திகளைக் கூறுகிறது. நீரினுள் இயங்கும் நுண்ணுயிர்கள் ஒன்று. அவை திரச உயிர்கள். நீரையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர் மற்றொன்று. அதனை அப்காயம் என்பர். நிலம், நீர், தீ, காற்று, தாவரம் என்னும் ஐவகை நிலைத்திணை உயிர்களுள் அதுவும் ஒன்றெனத் தத்துவார்த்த சூத்திரம் கூறும்.

துணியால் வடிகட்டுதல் முதல் வகை உயிரைக் காக்கும். இரண்டாம் வகையைக் காக்கும் துணி எதுவும் இல்லை. வேண்டிய அளவே எடுத்தல் ஒன்றே அதற்குரிய காவல்.

முன்னோர் வகுத்த நெறி இதனை உள்ளடக்கியே நிற்கிறது. வடிகட்டிய நீர் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடமே தகுதியுடையது. பின்னர் மீண்டும் வடிகட்டல் வேண்டும். இந்நெறியைக் கைக்கொள்பவர் அண்டா நிறைய நீரை வீணே நிரப்பி வைப்பாரோ? துணியில் தங்கிய உயிர்களை வடிகட்டிய நீரால் அலசி, எடுத்த கிணற்றிலேயே சேர்ப்பதும் மரபு. குழாய் நீரில் அது இயலாது. ஆதலின் குறைவாக எடுக்கும் கடமை நகரவாசிகளுக்கு மிகுதியாகிறது.

விரதத்தில் இதன் இடம்

இல்லறத்தார் ஓரறிவுயிர்க்குத் தீங்கை முற்றும் தவிர்த்தல் அரிது. பருகவும் சமைக்கவும் நீராடவும் நீர் வேண்டும். அறநூல் அதனை விலக்கவில்லை. பயனற்ற தீங்கையே விலக்குகிறது. அதுவே குணவிரதம் மூன்றனுள் ஒன்றாகிய அனர்த்ததண்ட விரதம். அதன் ஐந்து பிரிவுகளுள் பிரமாதசரியை என்பது கவனமின்றி ஒழுகுதல். பயனின்றி நிலத்தை அகழ்தலும், நீரைச் சிந்துதலும், தீயை மூட்டுதலும் இதன்பாற்படும் என்பது சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தின் கருத்து.

இப்பிழை ஓரறிவுயிரோடு நிற்பதில்லை. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன. சூலைத் திங்களில் சோலையார்பேட்டையிலிருந்து புகைவண்டியில் குடிநீர் கொணரப்பட்டது. ஒரு வீட்டில் வீணே வழியும் நீர், மற்றொரு வீட்டில் குடத்துடன் காத்திருப்பவர்க்கு உரிய நீரே.

வீட்டில் செய்து காண்க

1. சொட்டும் குழாயின்கீழ் இரவில் ஒரு பாத்திரம் வைத்துக் காலையில் அளக்க. நொடிக்கு ஒரு சொட்டு விழின் நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள். 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டால், 4 லிட்டருக்கும் மிகுதி. பெரும்பாலும் தேய்ந்த வாஷரை மாற்றினாலே இது நின்றுவிடும்.

2. பல் துலக்கும்போது குழாயைத் திறந்து வைத்தால் எவ்வளவு செல்லும்? குழாயை ஒரு நிமிடம் வாளியில் திறந்து அளக்க. 6 லிட்டர் எனின், மூன்று நிமிடத்தில் 18 லிட்டர். ஒரு செம்பு நீரே அதற்குப் போதும்.

3. கழிப்பறை நீர்த்தொட்டியில் சிறிது சொட்டு நீலம் கலந்து அரை மணி நேரம் பயன்படுத்தாது விடுக. கீழே நீலம் தென்படின் தொட்டி கசிகிறது.

4. மின்னேற்றி ஓடும்போது ஒருவர் பொறுப்பேற்க. மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிதல் பிரமாதசரியைக்குத் தக்க எடுத்துக்காட்டு.

5. அரிசி, காய் கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றுக. ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் நீரில் உப்பு மிகுதி. அது தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் ஏற்றது, செடிக்கு ஏற்றதன்று.

ஓர் எச்சரிக்கை

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. பணிப்பெண்ணுக்கும் வாயிலில் வந்து நிற்பவர்க்கும் நீரை மறுத்து, அதனை விரதமென்று கூறுதல் தகாது. தாகம் தீர்க்கும் நீர் பயனுள்ள நீர். தூய்மைக்கு வேண்டியதும் அவ்வாறே. பயனற்றதை மட்டும் நிறுத்துக.

சிறுவர்க்கான வினாக்கள்

1. வடிகட்டுதல் எவ்வகை உயிரைக் காக்கிறது? அளவாக எடுத்தல் எதனைக் காக்கிறது?
2. பிரமாதசரியை என்பது யாது? உன் வீட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
3. உன் வீட்டுக் குழாய்களுள் எத்தனை சொட்டுகின்றன? எண்ணித் தந்தையிடம் கூறுக.

மூன்றாம் வினாவின் விடை சுழியம் ஆகும்வரை இப்பாடம் முடிந்ததாகக் கொள்ளற்க.