மூலம் என்று நாமே முடிவு செய்யலாமா?
இளவயதினரையும் தாக்கும் பெருங்குடற் புற்றுநோய் பற்றிய நலவாழ்வுப் பாடம்

வைகறையில் பிரட்டுக்குச் சென்று, பின் தம் நிரைக்குப் போய் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவும் முப்பத்திரண்டு வயதுத் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். நல்ல உடற்கட்டு உள்ளவர். நோய் என்று படுத்தறியாதவர். சில வாரங்களாக அவருக்கு மலத்துடன் இரத்தம் போகிறது. மனைவியிடம் சொல்லவும் வெட்கம். “உடற்சூடுதான், மூலமாக இருக்கும்” என்று தமக்குத் தாமே முடிவு கட்டிக் கடையில் களிம்பு வாங்கிப் பூசிக்கொள்கிறார். இரத்தம் சில நாள் நிற்கிறது, மீண்டும் வருகிறது. இப்படியே எட்டு மாதங்கள் கழிகின்றன.

இவர் கற்பனை மனிதரே. ஆயினும் இவரைப் போல் நடந்துகொள்வோர் நம்மிடையே பலர். மலத்தில் இரத்தம் காணும் பெரும்பாலோருக்கு அது மூலமாகவோ ஆசனவாய் வெடிப்பாகவோ இருக்கும் என்பது மெய்தான். ஆனால் சிலருக்கு அதுவே பெருங்குடற் புற்றுநோயின் முதல் அறிகுறியாகும். இன்னது என்று நாமே கண்ணால் பார்த்துப் பிரித்தறிய இயலாது. அதற்கு மருத்துவச் சோதனை வேண்டும். இப்பாடத்தின் சாரம் இதுவே.

பெருங்குடலும் புற்றும்

நாம் உண்ணும் உணவு இரைப்பையிலும் சிறுகுடலிலும் செரித்தபின் எஞ்சும் சக்கை பெருங்குடலை அடைகிறது. ஏறத்தாழ ஐந்தடி நீளமுள்ள இக்குடல், சக்கையிலுள்ள நீரை உறிஞ்சி, அதனை மலமாக்கி, மலக்குடல் வழியே வெளியேற்றுகிறது. இதன் உட்சுவரில் சிலருக்குச் சிறு சதை முளைகள் தோன்றும். மருத்துவர்கள் இவற்றைப் ‘பாலிப்’ என்பர். பெரும்பாலான முளைகளால் தீங்கில்லை. சில மட்டும் மெல்ல வளர்ந்து, பொதுவாகப் பத்தாண்டு அளவில், புற்றாக மாறுகின்றன. முளையாக இருக்கும்போதே அகற்றிவிட்டால் அது புற்றாக மாறுவதைத் தடுத்துவிடலாம்.

பால்வெட்டும் பட்டையில் நோய் கண்டவுடன் மருந்து பூசினால் மரம் தப்பும். கவனியாது விட்டால் பட்டை அழுகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். குடலின் கதையும் அத்தகையதே.

இளவயதில் வருமா?

மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரையிலான அறிக்கைப்படி, நம் நாட்டு ஆண்களிடையே மிகுதியாகக் காணப்பட்ட புற்றுநோய் இதுவே. பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் இதற்கு. நோயாளிகளில் பெரும்பாலோர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். எனினும், பல நாடுகளில் ஐம்பதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடையே இந்நோய் பெருகி வருகிறது. 1950ஆம் ஆண்டளவில் பிறந்தோரைக் காட்டிலும் 1990ஆம் ஆண்டளவில் பிறந்தோருக்குப் பெருங்குடற் புற்று வரும் வாய்ப்பு இரு மடங்கும், மலக்குடற் புற்று வரும் வாய்ப்பு நான்கு மடங்கும் ஆகியுள்ளன என்று அமெரிக்காவில் 2017ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது.

‘பிளாக் பாந்தர்’ திரைப்படத்தின் கதாநாயகர் சாட்விக் போஸ்மன் அமெரிக்கர், கட்டுடல் படைத்தவர். 2016ஆம் ஆண்டு அவருக்கு இந்நோய் கண்டறியப்பட்டபோது அது மூன்றாம் கட்டத்தில் இருந்தது. நான்காண்டுகள் சிகிச்சை பெற்றும் பலனின்றி 2020 ஆகஸ்டு 28ஆம் நாள் தமது 43ஆம் வயதில் அவர் மறைந்தார்.

நம் நாட்டில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில், நோயின் அறிகுறி இல்லாதவர்க்கும், மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் சோதனை செய்யப்படுகிறது. ஆனால் இது 50 முதல் 75 வயது வரை உள்ளவர்க்கு உரியது. முப்பது வயதினரை இச்சோதனை தேடி வராது. ஆதலால் இளவயதினர் தம் உடல் தரும் அறிகுறியையே அழைப்பாகக் கொள்ளுதல் வேண்டும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

1. மலத்துடன் இரத்தம் போதல். அல்லது மலம் கருநிறமாதல்.

2. மலங்கழிக்கும் வழக்கம் மாறி, மூன்று வாரங்களுக்கு மேலாக வயிற்றுப்போக்கோ மலச்சிக்கலோ நீடித்தல். கழித்த பின்னும் மிச்சம் இருப்பதுபோன்ற உணர்வு.

3. விடாத வயிற்று வலி.

4. காரணமின்றி உடல் மெலிதல்.

5. இரும்புச் சத்துக் குறைவால் ஏற்படும் இரத்தசோகை.

ஐந்தாவது அறிகுறியைப் பற்றிச் சிறிது விளக்கம் தேவை. குடலில் உள்ள புற்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாதபடி நாள்தோறும் சிறிது இரத்தம் கசியலாம். அதனால் உடல் வெளுக்கும். மேட்டு நிரையில் ஏறினால் மூச்சு வாங்கும். வேலைக் களைப்பு என்று ஆண்களும், மாதவிலக்கினால் வந்தது என்று பெண்களும் எண்ணிக்கொள்வர். இரும்புச் சத்து மாத்திரை உட்கொண்டால் களைப்புத் தணியலாம். ஆனால் கசிவு நிற்காது. இரத்தம் எங்கே குறைகிறது என்பதைக் கண்டறிதல் வேண்டும்.

மருத்துவரிடம் எவ்வாறு சொல்வது?

“வயிறு சரியில்லை” என்று மட்டும் சொல்லித் திரும்பிவிடாதீர்கள். “டாக்டர், ஒரு மாதமாக மலத்துடன் இரத்தம் போகிறது, வாரத்தில் மூன்று நாள் பார்க்கிறேன், உடலும் மெலிந்துவிட்டது” என்று நாட்கணக்குடன் கூறுங்கள். மருத்துவர் கையுறை அணிந்து ஆசனவாயினுள் விரலால் சோதிக்கலாம். இதில் நாணுவதற்கு ஏதுமில்லை. மருந்து உட்கொண்டும் இரத்தம் நிற்காவிடில் மீண்டும் சென்று, “பெருங்குடலைப் பார்க்க வேண்டுமா?” என்று பணிவுடன் கேளுங்கள்.

பெருங்குடலைப் பார்க்க வளையும் தன்மையுள்ள மெல்லிய குழாய் ஒன்று ஆசனவாய் வழியே செலுத்தப்படும். அதன் முனையிலுள்ள கருவி குடலின் உட்புறத்தைத் திரையில் காட்டும். முளை தென்பட்டால் பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடலாம்.

ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்ற அச்சம் இயல்பே. தீபகற்ப மலேசியாவில் வேலைச் சட்டத்தின்படி, மருத்துவச் சான்றிதழுடன் எடுக்கும் விடுப்புக்குச் சம்பளம் உண்டு. வேலையில் சேர்ந்து இரண்டாண்டு நிறையாதவர்க்கு ஆண்டுக்கு 14 நாளும், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குட்பட்டவர்க்கு 18 நாளும், ஐந்தாண்டும் அதற்கு மேலும் ஆனவர்க்கு 22 நாளும் கிடைக்கும். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் நிர்வாகத்திற்குத் தெரிவிக்க மறவாதீர்.

குடும்ப வரலாறு

தாய், தந்தை, உடன்பிறந்தார் எவருக்கேனும் இந்நோய் இருந்ததா என்று கேட்டறியுங்கள். சில குடும்பங்களில் இது மரபு வழியே வருவதுண்டு. அத்தகையோர் ஐம்பது வயது வரை காத்திருத்தல் கூடாது. தந்தைக்கு 44 வயதில் நோய் கண்டிருந்தால், மகன் 34ஆம் வயதிலேயே மருத்துவரிடம் சென்று, எப்போது சோதனை செய்துகொள்வது என்று ஆலோசனை பெறுதல் வேண்டும்.

காத்துக்கொள்ளும் வழி

இளையோரிடம் இந்நோய் பெருகுவதன் முழுக் காரணத்தை ஆய்வாளர் இன்னும் தேடி வருகின்றனர். ஆயினும், புகையும் மதுவும் இடரை மிகுவிப்பவை என்பது உறுதி. சம்சு ஆனாலும் பீர் ஆனாலும் மது மதுவே. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2015இல் அறிவித்தது. உடற்பருமனும் தீங்கே. கீரை, பயறு, காய்கறி, பழம் ஆகியன குடலுக்கு நன்மை செய்யும். நிரையில் நாளெல்லாம் நடப்பதும் ஒரு காப்பே. ஆனால் அது முழுக் கவசம் அன்று. உழைக்கும் உடலிலும் நோய் நுழையும்.

குடலை விட்டு வெளியே பரவாத நிலையில் கண்டறியப்பட்டோருள் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுக்கு மேல் வாழ்வதை அமெரிக்கப் பதிவுகள் காட்டுகின்றன. தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியபின் அவ்வாறு வாழ்வோர் பத்தில் ஒருவர் அல்லது இருவரே. நாம் முதலில் கண்ட தொழிலாளி வீணாக்கிய எட்டு மாதங்களின் விலை இதுவாகவும் இருக்கலாம்.

இன்றிரவு உங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேசுங்கள். இரத்தம் கண்டவர் எவரேனும் இருப்பின், களிம்புக்கு முன் கிளினிக்கை நாடச் சொல்லுங்கள். சோதித்த பின் அது மூலமே என்று மருத்துவர் கூறினால் மகிழ்ச்சியோடு வீடு திரும்பலாம்.