தவறைச் சுட்டிக் காட்டுபவனுக்குச் சட்டம் துணை நிற்குமா?

(மூன்றாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு)



இன்னும் சில மாதங்களில் நம்மில் பலர் சைட்டிலும் ஒர்க்‌ஷாப்பிலும் சூப்பர்வைசராக நிற்கப் போகிறோம். கலவையில் சிமெண்ட் குறையலாம். கட்டாத கம்பிக்கு அளவுப் புத்தகத்தில் கணக்கு ஏறலாம். மெஷினின் பாதுகாப்பு மூடி கழற்றப்பட்டுக் கிடக்கலாம். இதையெல்லாம் முதலில் பார்ப்பது மேலதிகாரி அல்ல, நாம்தான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். என் சம்பளத்தை நம்பி ஒரு குடும்பமே இருக்கும்போது, "நமக்கேன் வம்பு" என்று வீட்டார் சொன்னால் அதைக் கோழைத்தனம் என்று எப்படிச் சொல்ல முடியும்? ஆகவே சட்டம் எதுவரை துணை வரும் என்று அறிந்து வைப்பது நல்லது.

பெயர் வெளியான கதை

சத்யேந்திர துபே கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த சிவில் இன்ஜினியர். தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளை 2002-ல் பிரதமருக்கு எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கும்படியும் கேட்டிருந்தார். ஆனால் கடிதம் பெயரோடு பல அலுவலகங்களுக்குச் சென்றது. 2003 நவம்பர் 27-ல் அவர் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காக நடந்த கொலை என்றது சி.பி.ஐ. காரணம் எதுவானாலும், ரகசியம் கேட்டவரின் பெயர் வெளியே போனது தவறுதானே?

இதன்பின் 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. அதன்படி மத்திய அரசு அலுவலகங்கள், மத்திய பொதுத்துறை நிறுவனங்களில் நடக்கும் ஊழல் பற்றி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதலாம். பெயரை ஆணையம் காக்கும். மொட்டைக் கடிதம் செல்லாது. பெயரும் முகவரியும் கடிதத்துக்குள் இருக்க வேண்டும், உறையின்மேல் இருக்கக் கூடாது. உறையை நன்றாக ஒட்டி, பொதுநல வெளிப்படுத்தல் புகார் என்று மேலே குறிப்பிட வேண்டும். மாநில அரசு அலுவலகங்கள் இதில் வராது.

தொழிற்சாலையில்?

1984-ல் போபால் விஷவாயு விபத்து நடந்தது. அதன்பின் 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் நிர்வாகத்திடமும் இன்ஸ்பெக்டரிடமும் சொல்லும் உரிமை தொழிலாளிக்குக் கிடைத்தது. புகார் தந்தவர் யார் என்பதை இன்ஸ்பெக்டர் வெளியிடக் கூடாது என்றும் அத்திருத்தம் சொன்னது. ஆபத்தைச் சொல்லும் உரிமை 2020-ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 14-ஆம் பிரிவிலும் உள்ளது. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள் ஊழியர் புகாருக்குத் தனி வழி வைத்து, புகார் தந்தவரைப் பழிவாங்காமல் காக்க வேண்டும் என்கிறது 2013 கம்பெனிச் சட்டம்.

ஓட்டையும் உண்டு

இதற்கென்றே 2014-ல் தனிச் சட்டம் நிறைவேறியது. பெயரை வெளியிடும் அதிகாரிக்கு 3 ஆண்டு வரை சிறை, தெரிந்தே பொய்ப் புகார் தருபவருக்கு 2 ஆண்டு வரை சிறை என்று அதில் உள்ளது. ஆனால் அது நடைமுறைக்கு வரவேயில்லை! அதுவும் அரசுத்துறை ஊழலுக்கான சட்டம். சின்ன கான்ட்ராக்டரிடம் வேலை செய்யும் நம்மவருக்கு அதனால் பெரிய பலன் இல்லை.

நாம் செய்யக் கூடியவை

1. கேள்விப்பட்டதை விட்டு, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். தேதி, இடம், அளவு அவசியம்.
2. வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் எழுத்தில் கொடுத்து, நகலை வீட்டில் வையுங்கள்.
3. எந்த அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டோ அங்கே கொடுங்கள். ஊரெல்லாம் சொன்னால் பெயரை யாராலும் காக்க முடியாது.
4. தனியாக நிற்காதீர்கள். பாதுகாப்புக் குழு, தொழிற்சங்கம் வழியாகச் சொன்னால் ஒருவனைக் குறிவைப்பது கடினம்.

மெய் சொல்லிக் கெட்டவன் இல்லை என்பார்கள் பெரியவர்கள். துபேயின் கதையைப் படித்தபின் அதை அப்படியே நம்ப மனம் வரவில்லை. மெய் சொன்னவன் கெடாமல் இருக்கச் சட்டமும் வேண்டும், பக்கத்தில் நிற்க நாலு பேரும் வேண்டும். அந்த நாலு பேரில் ஒருவராக நாம் இருப்போம் நண்பர்களே!